புவனா வீட்டு எட்டாம் வகுப்பு

நான் பள்ளிக்கூட டீச்சர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புவனாவைப் பற்றி நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் என் கோபம்தான் இருக்கும். கணபதியில் அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு காம்பவுண்டுச் சுவர். பின்பக்கம் அவள் கணவர் தனபாலின் லேத் பட்டறை. நான்கு பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறைதான்; பம்புக்கு வேண்டிய பாகங்களைக் கடைந்து கொடுப்பார்கள். காலை எட்டரைக்கு லேத் ஓட ஆரம்பித்தால் என் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஆடும். அதற்கெல்லாம் எனக்குக் கோபம் வந்ததில்லை. 1993இல் அவள் தன் ஒரே மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாள் பாருங்கள், அதற்குத்தான் வந்தது.

மகள் லோகப்பிரியா அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். அந்த வருடம் முழுக்க, காலையில் யூனிஃபார்மைப் போட்டதும் வாந்தி எடுப்பாள். இரண்டு டாக்டர்கள் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். சனி, ஞாயிறில் வாந்தி இல்லை. கோடை விடுமுறையில் இல்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மறுபடி ஆரம்பித்தது. புவனா மூன்று நாள் பார்த்தாள். நான்காம் நாள் சுவரோரம் வந்து, "டீச்சர், புள்ளைய இனி ஊட்லயே படிக்க வெக்கலாம்னு இருக்கறனுங்க" என்றாள்.

"ஊட்ல யாரு சொல்லிக் குடுப்பா?"

"நாந்தானுங்க. பி.எஸ்ஸி. கணக்கு படிச்சுப்போட்டு இத்தன வருஷமா அரிசிதான அளந்துட்டு இருக்கறேன்."

"பி.எஸ்ஸி. படிச்சவங்க எல்லாம் டீச்சர் ஆயிட முடியுமா புவனா? நாங்க பி.எட். படிச்சது எதுக்கு?"

"உங்களக் கொறை சொல்லலீங்க டீச்சர்" என்று சிரித்தாள். இந்தக் கொங்குக்காரர்களிடம் சண்டை போடுவது கஷ்டம். நாம் கத்தக் கத்த அவர்கள் 'ங்க' சேர்த்துக்கொண்டே போவார்கள். நாங்கள் தெலுங்கு பேசும் நாயுடு வீடு. மூன்று தலைமுறையாக இங்கேயே இருந்தும் எனக்கு அந்தப் பொறுமை ஒட்டவில்லை.

அவளுடைய மாமனார் செங்கோடனுக்கு என்னைவிட அதிகக் கோபம். சென்னிமலைப் பக்கம் தோட்டத்தில் இருந்தவர், செய்தி கேட்டதும் முதல் பஸ் பிடித்து வந்துவிட்டார். நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு ஒரு பள்ளி இருப்பதாகவும், சொந்தக்காரப் பிள்ளைகள் அங்கே படித்து டாக்டருக்குப் போவதாகவும் சொன்னார். புவனா அழாமல், எதிர்த்துப் பேசாமல், காப்பி ஆற்றிக் கொடுத்தபடியே ஒரு ஏற்பாட்டுக்கு அவரைக் கொண்டுவந்தாள். பள்ளிக்குப் போகாதவர்கள் எழுதுவதற்கென்று எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு ஒன்று உண்டு. பன்னிரண்டரை வயது முடிந்ததும் லோகப்பிரியா அதை எழுத வேண்டும். பாஸ் செய்தால் அவர் வாய் திறக்கமாட்டார். ஒரே ஒரு பாடம் போனாலும் ஹாஸ்டல்.

தனபால் இரண்டு பேரையும் பார்த்து, "அப்பா சொல்றதும் செரிதானுங்க, புவனா சொல்றதும் செரிதானுங்க" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குள் போய்விட்டார்.

அன்று சாயந்திரம் புவனா சுவரோரம் நின்றாள். "டீச்சர், புள்ளைய ஹாஸ்டல்ல உட்டுப்போட்டு என்னால இருக்க முடியாதுங்க. அங்க வாந்தி எடுத்தா யாருங்க நெத்தியப் புடிச்சுக்குவா?" என்றாள். நெற்றியைப் பிடிப்பதெல்லாம் எங்கள் பி.எட்.டில் சொல்லிக்கொடுக்கவில்லை.

முதல் வருடம் நன்றாகத்தான் நடந்தது. ஒத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் நடந்தது. அரிசியும் பருப்பும் குக்கரில் ஏறியதும் லோகப்பிரியா சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். புவனா வெங்காயம் உரித்துக்கொண்டே பின்னம் சொல்லிக்கொடுப்பாள். தசமப் புள்ளியை எங்கே வைப்பது என்பது மட்டும் அந்தப் பெண்ணுக்கு மண்டையில் ஏறவே இல்லை. ஒரு நாள் தனபால் அவளைப் பட்டறைக்குக் கூப்பிட்டு, வெர்னியர் அளவுகோலைக் கையில் கொடுத்து, கடைந்து வைத்த ஷாஃப்டுகளை அளக்கச் சொன்னார். ஒரே வாரத்தில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் கண்டுபிடித்து, "அப்பா, இது ரிஜெக்ட்டுங்க" என்று அங்கே வேலை செய்பவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாள். வாந்தி நின்றுவிட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி.

எல்லாம் கெட்டது விருந்தாளிகளால்தான். இந்தப் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, புதுவீடு எதுவானாலும் நேரில் போய்ப் பத்திரிகை வைத்து அழைக்க வேண்டும். தபாலில் அனுப்பினால் மரியாதை இல்லை. முகூர்த்த மாதங்களில் புவனா வீட்டு வாசலில் செருப்பு ஒழியாது. வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, பாயில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் பெண்ணைப் பார்ப்பார்கள். "ஏனுங்க அம்மணி, புள்ள பள்ளிக்கோடம் போகாம நாள் முச்சூடும் என்னங்க பண்ணுது?" என்பார்கள். உடனே ஒரு யோசனையும் சொல்வார்கள். பீளமேட்டுப் பெரியம்மா ஹிந்தி கற்றுக்கொள்ளச் சொன்னார். தனபாலின் சிநேகிதர் டைப்ரைட்டிங் என்றார். புவனாவின் தம்பி மதன்குமார், செஸ் விளையாடினால் மூளை வளரும் என்றான். சம்பந்தி முறையில் ஒருவர் நீச்சல் என்றார், இன்னொருவர் பாட்டு என்றார். புவனா எல்லோரிடமும் "செரிங்க" என்றாள்.

வாய்ச்சொல்லாக விட்டிருந்தால் பரவாயில்லை. அவள் ஒவ்வொன்றிலும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஏன் என்றால், அவர்கள் அடுத்த தடவை வரும்போது கேட்பார்களாம், "சேத்தலீங்க" என்று எப்படிச் சொல்வது என்றாள். அடுத்த தடவை அவர்கள் வரத்தான் செய்வார்கள், அதற்கு இங்கே கல்யாணங்களா குறைச்சல்?

இப்படியாக 1995இல் டி.வி.எஸ். 50 வண்டியில் அம்மாவும் மகளும் ஊரையே சுற்றிக்கொண்டிருந்தார்கள். திங்கள், புதன், வெள்ளி பீளமேட்டில் ஹிந்தி. செவ்வாய், வியாழன் செஸ். தினமும் மூன்று மணிக்கு டைப்ரைட்டிங். சனிக்கிழமை நீச்சல், ஈரத்தலையோடு அப்படியே பாட்டு. வீட்டிலேயே படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை. வார நாட்களில் விட்டுப்போன பாடங்களையெல்லாம் புவனா ஞாயிற்றுக்கிழமையில் போட்டு நிரப்பினாள். காலை ஆறு மணிக்கு அறிவியலில் தொடங்கி, சாயந்திரம் வரலாற்றில் முடியும். என் மகன் வம்சி தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பான். சுவருக்கு அந்தப் பக்கம் "கவனி லோகு, எங்கிட்டப் பாரு" என்ற குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். டீச்சர் வேலை பார்க்கும் நானே ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பேசமாட்டேன்.

ஒரு நாள் தனபால் மதியம் சாப்பிட வந்தால் அடுப்பில் ஒன்றுமில்லை. மேசைமேல் ஒரு சீட்டு: 'தயிர் இருக்குங்க. செஸ் கிளாஸ் முடிஞ்சதும் வாரேன்.' மனிதர் சாதத்தை வடித்து, தயிரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, சுவரோரம் வந்து என்னிடம் ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "டீச்சர், உங்க பள்ளிக்கோடத்துல சத்துணவு பெரியவங்களுக்கும் போடுவாங்களாங்க?"

நான் புவனாவிடம் சொன்னேன், ரெண்டு வகுப்பையாவது நிறுத்து என்று. "எதைங்க நிறுத்தறது? ஹிந்திய நிறுத்துனா பெரியம்மா மொகத்த எப்புடிப் பாக்கறதுங்க?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லோகப்பிரியா வண்டியின் பின்சீட்டில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. நானும்தான்.

தேர்வு 1996 கார்த்திகையில் வந்தது. கணக்குப் பரீட்சை ஒரு புதன்கிழமை. அதே புதன்கிழமை சென்னிமலையில் மதன்குமாருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் மணவறையில் அவனோடு இணையாக நின்று செய்கிற சீர் அது. அது முடியாமல் தாலிகட்டு இல்லை. கூடப் பிறந்தவள் இல்லாதவர்கள் சித்தப்பா, பெரியப்பா மகளை நிறுத்திக்கொள்வார்கள். மதன்குமாருக்கோ கூடப் பிறந்தவள் கல்லுக்குண்டு போல இருந்தாள்.

பரீட்சைக்குக் கூட்டிப் போவதா, சீருக்கு நிற்பதா என்று நான்கு நாள் புவனா யாரிடமும் சொல்லாமல் குமைந்தாள். தம்பியிடம் "முடியாது" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கடைசியில் லோகப்பிரியாதான் பட்டறை போனில் மாமனைக் கூப்பிட்டு, இன்ன தேதியில் எனக்குக் கணக்குப் பரீட்சை என்று சொன்னாள். மறுநாளே மதன்குமார் பைக்கில் வந்து இறங்கினான்.

"அக்கா, நீயில்லாம எனக்கு இணைச்சீரா? பத்திரிக்கை இன்னும் அடிக்கல. ஜோசியரப் பாத்து நாளை மாத்திப்போட்டேன். பரீட்சைக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கெழமை."

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், பரீட்சைக்கு முந்தின நாள் வரை. அன்று பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், பரீட்சையும் தள்ளிப்போனது. கணக்குப் பரீட்சைக்குப் புதிய தேதியைப் பேப்பரில் பார்த்தேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பேப்பரை எடுத்துக்கொண்டு போய்ப் புவனா முகத்தைப் பார்த்த பிறகு வரவில்லை.

இனிமேல் நாளை மாற்ற வழியில்லை. பத்திரிகை அடித்து அறுநூறு வீடுகளில் நேரில் போய் வைத்தாகிவிட்டது. மாற்றினால் அறுநூறு வீட்டுக்கும் மறுபடி நேரில் போக வேண்டும். அதற்குள் மார்கழி வந்துவிடும். அப்போதுதான் தனபால் மூன்று வருடத்தில் முதல்முறையாக ஒரு பக்கம் சாய்ந்து பேசினார். "முகூர்த்தம் அஞ்சரைக்கு. ஏழு மணிக்கு நம்ம மாருதி வேன்ல கெளம்பீட்டா ஒம்பதரைக்கு கோயமுத்தூர். பரீட்சை பத்துக்கு. நான் ஓட்டறேன்."

பெண்ணை மட்டும் என் வீட்டில் விட்டுப் போகச் சொன்னேன். "மாமன் கல்யாணத்துக்கு நான் போகாமயா?" என்றாள் லோகப்பிரியா. எனக்கும் நேரில் வந்து பத்திரிகை வைத்துவிட்டார்கள், அதனால் நானும் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். என்ன செய்வது, அந்த 'செரிங்க' எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

மண்டபத்தில் புவனா புதுப்பட்டில் தம்பிக்குப் பக்கத்தில் நின்றாள். சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்துகொண்டிருந்தார். அவசரப்படுத்த முடியாது, அறுபது வருடமாக அவர் அவசரப்பட்டதே இல்லை. புவனாவின் உதடு அசைவதைப் பார்த்தேன். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்து அருகில் போனால், முன்வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்து, "வட்டத்தோட பரப்பு?" என்று சைகையில் கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் விரலால் காற்றில் எழுதிக் காட்டினாள். மணமேடையில் மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டான்.

தாலி கட்டி முடித்ததும் மணி ஏழு ஐந்து. வாசலுக்கு வர இருபது நிமிடம் ஆனது. முதல் ஆள் புவனாவின் கையைப் பிடித்து, "சாப்பிட்டீங்களாங்க அம்மணி?" என்றார். இரண்டாவது ஆள், "இணைச்சீர்காரி சாப்பிடாமப் போனா எப்புடிங்க?" என்றார். மூன்றாவது அம்மாள் பந்திக்கே இழுத்துப் போனார். கொங்கு நாட்டில் ஒருவரைச் சாப்பிடாமல் மண்டபத்தை விட்டு வெளியே அனுப்புவதைவிட அவர் வீட்டை எழுதி வாங்குவது சுலபம். புவனா எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினாள். "இல்லீங்க. சாப்பிடலீங்க. எம்புள்ளைக்குப் பரீட்சைங்க, நான் போறேனுங்க" என்று சத்தமாகச் சொன்னாள். அவள் வாயிலிருந்து 'இல்லீங்க' என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கூட்டம் அப்படியே வழிவிட்டது.

நானும் வேனில் ஏறிக் கதவைச் சாத்தப்போகும்போது செங்கோடன் ஏறி உட்கார்ந்தார். "ஹாஸ்டலா ஊடான்னு நாந்தான சொன்னேன், நான் வராம எப்புடி?" என்றார். பெருந்துறை தாண்டியதும், "கணக்கு கஷ்டமா கண்ணு?" என்று பேத்தியிடம் கேட்டார். "தெரியலீங்க அப்பாரு" என்றாள் அவள்.  தனபால் அவிநாசி வரைக்கும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஒன்பது ஐம்பதுக்குத் தேர்வு மையத்தில் இறங்கினோம். எழுத வந்திருந்தவர்களில் பாதிப்பேர் எட்டாவது பாஸ் சர்டிபிகேட் வேண்டி வந்த டிரைவர்கள், மில் வேலைக்காரர்கள். பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவும் கையில் சந்தனமுமாக நின்ற புவனாவை ஒரு ஆட்டோக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, கல்யாணம் முடிஞ்ச கையோட எழுத வந்துட்டீங்களா? மாப்ள ஒண்ணும் சொல்லலீங்களா?" என்றார். லோகப்பிரியா அவரைப் பார்த்துச் சிரித்தபடியே உள்ளே போனாள். எனக்கு மதியம் பள்ளிக்குப் போக வேண்டும். வீட்டுக்குக்கூடப் போகாமல் பதினொரு மணி வரை அங்கேயே நின்றேன்.

வெளியே வந்ததும் லோகப்பிரியா இரண்டு கணக்கு விட்டுவிட்டதாகச் சொன்னாளாம். அதன் பிறகு ரிசல்ட் வரும் வரை புவனா எதிலும் மனசு ஒட்டாமல் இருந்தாள்; சாம்பாருக்கு உப்பு போடுவதே ஞாபகம் இல்லை. பொங்கல் கழித்து ரிசல்ட் வந்தது. எல்லாவற்றிலும் பாஸ். கணக்கில் அறுபத்தொன்று. வம்சி அந்த வருடம் அரையாண்டில் கணக்கில் எவ்வளவு வாங்கினான் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

செங்கோடன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். நானும் மைசூர்பாகு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கூடத்தில் பாயின்மேல் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்கள் புது வாசனையோடு விரிந்திருந்தன. பாஸான மறுவாரமே அடுத்த பாடம் ஆரம்பம். செங்கோடன் சட்டைப் பையிலிருந்து ஹாஸ்டலில் சேர்க்க வாங்கி வைத்திருந்த விண்ணப்பத்தை எடுத்து, "இது இனி வேண்டாம் அம்மணி. நான் சொன்னாச் சொன்னதுதான்" என்று மருமகளிடம் நீட்டினார். புவனாவின் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். மூன்று வருடப் பாரம் இறங்கின முகம் அது.

அப்போது லோகப்பிரியா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பாரு, அந்த ஹாஸ்டல்ல ஞாயித்துக்கெழமை லீவு உண்டுங்களா?"

பெரியவருக்குப் புரியவில்லை. "உண்டு கண்ணு. எல்லாப் பள்ளிக்கோடத்துலயும் உண்டே. ஏன் சாமி?"

"இங்க இல்லீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. தஞ்சாவூர் எந்த ஆற்றங்கரையில் இருக்கிறது என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். நீட்டிய விண்ணப்பத்தை வாங்காமல் புவனா நின்றாள். தனபால் தரையைப் பார்த்தார். 

"அப்ப ஹாஸ்டலுக்குப் போறியா கண்ணு?" என்று செங்கோடன் மெதுவாகக் கேட்டார். அந்தப் பெண்ணிடம் ஒருவர் இப்படிக் கேட்டது அன்றுதான்.

லோகப்பிரியா நன்றாக யோசித்தாள். "அங்க லீவு அன்னைக்கு அம்மா இருக்க மாட்டாங்கல்ல? வேண்டாங்க. ஊட்லயே படிச்சுக்கறேன். நீச்சல் மட்டும் போறேன், மத்ததெல்லாம் வேண்டாம். பொறவு ஞாயித்துக்கெழமை அம்மா டீச்சரா இருக்கக் கூடாது. எனக்கு அன்னைக்கு அம்மா வேணும்."

புவனா அழுதுவிட்டாள். "உன்னைய எங்கூடவே வெச்சுக்கோணும்னுதானே கண்ணு இத்தனையும் பண்ணினேன்" என்றாள்.  முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக மூடினாள். மூடி முடித்த பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூடத்தின் நடுவில் நின்றாள்.

"இப்ப நான் என்னங்க மாமா பண்றது?" என்றாள்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம் அம்மணி. சித்த உக்காரு" என்றார் செங்கோடன்.

உட்கார்ந்தாள். லோகப்பிரியா வந்து அவள் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். தனபால் எழுந்து எல்லோருக்கும் காப்பி போடுகிறேன் என்று உள்ளே போய், சர்க்கரை எந்த டப்பாவில் என்று அங்கிருந்து கேட்டார். புவனா எழாமல் மகளின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். நான் மைசூர்பாகை மேசைமேல் வைத்துவிட்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியே வந்தேன்.